சிவப்பு விழுந்த படங்கள்

கரண்டு வர நேரமாகும் போலிருக்கிறது. அந்த மெழுகுவத்தியைச் சன்னலோரம் வைக்காதீர்கள், அணைந்துவிடும். எல்லாரும் கிட்டே வந்து உட்காருங்கள். பேய் என்றால் நடுச்சாமம், சுடுகாடு, வெள்ளைச் சேலை என்று நினைக்கிற ஆள் யாராவது இருந்தால் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். இது பட்டப்பகலில் நடந்தது. என் கூட்டாளி ஸ்தனிஸ்லாஸின் தங்கை வீட்டில் நடந்தது.

நேரம் மதியம் இரண்டு. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், அக்கினி நட்சத்திரம். கொடைரோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு வருகிற சாலை. ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் காய்ந்துபோன காடு. மனுசன் இல்லை, மாடு இல்லை. தார் உருகி டயரில் ஒட்டுகிற சத்தம் மட்டும்... சர்ர்ர்... என்று கேட்கிறது. அந்தச் சாலையில் கஸ்பார் தனியாக வண்டியில் வருகிறான். போட்டோகிராபர். கோயில் கல்யாணம் ஒன்றைப் படம் பிடித்துவிட்டு, பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு, காமிராப் பையை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வருகிறான்.

அம்பாத்துரை தாண்டியதும் ஒரு வாடை. ஹைப்போ வாடை. பழைய ஃபிலிம் காலத்தில் படம் கழுவுவார்களே, அந்த மருந்து. காடி புளித்த மாதிரி மூக்கைப் பிடுங்கும். இந்தப் பொட்டல்காட்டில் அது எப்படி வரும்? அவன் வண்டியை ஓரங்கட்டினான்.

டொக்... டொக்... டொக்.

பைக்குள்ளிருந்து.

பலகைக் கதவை விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். கஸ்பார் பையைத் திறந்து பார்த்தான். காமிரா இருந்தது, இரண்டு பேட்டரி இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. மூடினான். மறுபடியும் டொக்... டொக்... மூன்றாவது தட்டு வர ரொம்ப நேரம் ஆயிற்று. கை ஓய்ந்துபோன தட்டு. அதற்கப்புறம் சத்தம் இல்லை.

வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்திலேயே வேட்டி அவிழ ஓடியிருப்பான். கஸ்பாருக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. "வழிக்கு வந்துட்டா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். ஏனென்றால் காலையில் புறப்படும்போது பெண்டாட்டியிடம் அவன் சொல்லிவிட்டு வந்தது அதுதான். 'வார்த்தை ஞாபகம் வந்தா மூணு தட்டுத் தட்டு.'

என்ன வார்த்தை, எங்கே தட்டச் சொன்னான் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். அவசரப்படாதீர்கள்.

அவள் பெயர் ஏஞ்சலின். ஆயக்குடிக்காரி. கொய்யாத் தோப்புக்குள் வளர்ந்த பெண். வாய்க்கு வாய் 'ஏனுங்க', 'சரிங்க' என்று மரியாதை. ஆனால் புருஷன் பெயரை மட்டும் வாயால் சொல்ல மாட்டாள். அவள் அம்மா சொன்னதில்லை, இவளும் சொல்வதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு எண்ணம். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரிச் சீட்டுக் கொடுக்கிற இடத்தில், "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மகளை இடித்துவிடுவாள். "நீ சொல்லு கண்ணு." ரூபிக்கு அப்போது நாலு வயசு. ஊருக்கே கேட்கிற மாதிரி, "கஸ்பார்!" என்று கத்தும். வரிசையில் நிற்கிற ஆட்களெல்லாம் சிரிப்பார்கள். கஸ்பாருக்கு அதில் பெருமை. பெண்டாட்டி என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று மற்றவர்களிடம் சொல்லிக்காட்டுவான்.

நாகல் நகரில் முன்பக்கம் ஸ்டுடியோ, பின்பக்கம் வீடு. இரண்டுக்கும் நடுவில் பழைய இருட்டறை. டிஜிட்டல் வந்தபிறகு அதற்கு வேலை இல்லை. சன்னல் கிடையாது. மேலே தகரம். பலகைக் கதவு, வெளிப்பக்கம் உச்சியில் ஒரு தாழ்ப்பாள். உள்ளே ஹைப்போ வாடை மட்டும் குடியிருந்தது.

ஏஞ்சலின் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாள். கல்யாணப் பெண்களின் படத்தை வெளிநாட்டு மாப்பிள்ளைகளுக்கு மெயிலில் அனுப்புவாள். அப்படியே தன் படத்தையும் ரூபி படத்தையும் மஸ்கட்டில் வேலை பார்த்த அண்ணன் ஸ்தனிஸ்லாசுக்கு வாரம் ஒரு தடவை அனுப்புவாள். மடியில் ரூபியை உட்காரவைத்து, ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கக் கற்றுக்கொடுத்தாள். தன் பெயரையும் அப்பா பெயரையும் அந்தப் பிள்ளை இங்கிலீஷில் தப்பில்லாமல் அடிக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சனியன் ஒரு சிடி ரூபத்தில் வந்தது. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாகக் கொடுப்பார்களே, அந்த மாதிரி ஒன்று. அதில் ஒரு சாஃப்ட்வேர். படத்துக்குள் சேதியை ஒளித்துவைக்கிற வித்தை. ஒரு படத்தில் லட்சக்கணக்கான புள்ளி இருக்கிறதல்லவா? ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கண்ணுக்குத் தெரியாத அளவு மாற்றி, அதற்குள் எழுத்தையோ இன்னொரு படத்தையோ பதுக்கிவிடலாம். பார்க்கிறவனுக்கு வெறும் போட்டோ. பாஸ்வேர்ட் தெரிந்தவனுக்கு உள்ளே இருப்பது வெளியே வரும். அதே சாஃப்ட்வேர் மோப்பமும் பிடிக்கும். சந்தேகப்பட்டால் படத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு, பாஸ்வேர்ட் கேட்டு ஒரு கட்டம் காட்டும்.

கஸ்பார் முதலில் போட்டுப் பார்த்தது, பெண்டாட்டி அண்ணனுக்கு அனுப்பிய படத்தை.

சிவப்பு.

அடுத்த படம். சிவப்பு. அதற்கடுத்தது. சிவப்பு. இவள் அண்ணனுக்கா அனுப்புகிறாள், அண்ணன் பேரில் எவனுக்கோவா? படத்துக்குள் என்ன எழுதி அனுப்புகிறாள்? அன்றிலிருந்து அந்த மனுசனுக்குத் தூக்கம் போயிற்று. வேறு ஒரே ஒரு படத்தைப் போட்டுப் பார்த்திருந்தால் போதும்... ஒரு கல்யாணப் பெண், ஒரு பாஸ்போர்ட் சைஸ் ஆள், யாராவது. பார்க்கவில்லை பாவி. தேடுகிறவன் தனக்கு வேண்டியதைத்தானே தேடுவான்.

"பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்டான்.

"அப்படீன்னா என்னங்க?" என்றாள்.

அதற்கு விழுந்தது முதல் அடி.

அதற்குப் பிறகு தினமும் சாப்பாடு முடிந்ததும் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் மண்டி போட வைப்பான். சிவப்புப் படத்தைத் திறந்துவைத்துக் கேட்பான். தெரியாதுங்க என்பாள். அடிப்பான். ஒரு கட்டத்தில் அடியை நிறுத்தினால் போதும் என்று அவள் வாயில் வந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். ஆயக்குடி என்றாள். கொய்யா என்றாள். அந்தோணியார் என்றாள். ஒவ்வொன்றையும் அவன் அடித்துப் பார்ப்பான். திறக்காது. பொய் சொன்னதற்குத் தனியாக அடி. ஒருநாள் மாமியார் பெயரைச் சொன்னாள், வியாகுலம்மாள் என்று. பக்கத்தில் நின்ற மாமியார், "எம் பேரையா சொல்ற?" என்று தன் பங்குக்கு ஒன்று வைத்தாள். இன்னொரு நாள் கொழுந்தன் பெயரைச் சொன்னாள், பிரிட்டோ என்று. அது இன்னும் வினையாகப் போயிற்று. அவன் பேரு எப்படி ஒன் வாயில வந்துச்சு என்று அன்றைக்குச் சாப்பாடே கிடையாது.

பிரிட்டோ பாலிடெக்னிக் படித்தவன். அண்ணனிடம் நேராகப் போய்ச் சொன்னான். "அண்ணே, நீ அண்ணி மொகத்த வெள்ளையாக்குறேன்னு பத்துத் தடவ பிரஷ் போட்டிருக்க. அப்படித் தீட்டுன படம் எல்லாத்துலயும் இந்தச் செவப்பு வரும். உள்ள ஒண்ணும் இல்ல." ஒரு கல்யாணப் பெண் படத்தையும் போட்டுக் காட்டினான். அதுவும் சிவப்பு. ஆமாம், கஸ்பார்தான் மாநிறமான பெண்டாட்டியை ஒவ்வொரு படத்திலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவைத்திருந்தான். அது அவன் கைவேலைக்கு விழுந்த சிவப்பு.

கஸ்பார் திரையைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். "அவளுக்கு ஏன்டா நீ இம்புட்டுப் பேசுற?" என்றான். பிரிட்டோ அன்றைக்கே கொடைரோட்டில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏஞ்சலின் ஒரே ஒரு தடவை மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். அண்ணா, என்னைக் கூட்டிட்டுப் போயிரு என்றாள். ஸ்தனிஸ்லாஸ் என்ன சொன்னான் தெரியுமா? நம் வீடுகளில் எல்லாரும் சொல்வதைத்தான். கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

அந்தக் கொடைரோட்டுக் கல்யாணத்தன்று விடியற்காலையில் கஸ்பார் அவளை இருட்டறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டான். வார்த்தை ஞாபகம் வந்தால் மூன்று தட்டு. அது வரைக்கும் சோறு தண்ணி கிடையாது. அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

பத்து மணிக்கே தகரம் கொதிக்க ஆரம்பித்தது. டொக்... டொக்... டொக். வியாகுலம்மாள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். மதியம் பிரிட்டோ தன் சர்டிபிகேட்டை எடுக்க வந்தான். தட்டுகிற சத்தம் அவன் காதிலும் விழுந்தது. என்னம்மா அது என்று கேட்டான். ஒங்க அண்ணன் சமாச்சாரம், நீ தலையிடாத என்றாள். செத்த நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். கை நீட்டினால் தாழ்ப்பாள். இன்னொரு தடவை பழி வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, போய்விட்டான்.

ரூபி மட்டும் கதவடியில் உட்கார்ந்திருந்தது. முக்காலியைப் போட்டு ஏறிப் பார்த்தது. எட்டவில்லை. உள்ளேயிருந்து அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. "அப்பா வந்ததும் தொறக்கச் சொல்லு கண்ணு" என்பதுதான் கடைசியாகக் கேட்டது.

அம்பாத்துரைச் சாலையில் பைக்குள் தட்டியது அந்த நேரம்தான். கஸ்பார் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, சாவகாசமாகக் கதவைத் திறந்தான். ஏஞ்சலின் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் அப்படியே அவன் கால்மேல் சரிந்தாள். உதடு வெடித்திருந்தது. உடம்பு சுட்டது. ஆனால் உயிர் இல்லை.

வெயிலில் மயக்கம் போட்டு விழுந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். ஊரும் அடடா என்றது.

சவப்பெட்டியைத் தலைப்பக்கம் தூக்கிச் சாய்த்து, முகம் தெரிகிற மாதிரி வைத்து, வீட்டு ஆட்கள் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது நம் சனங்களிடம் உண்டல்லவா? இழவு வீட்டுக்கு வர முடியாதவர்களுக்கு அனுப்புவதற்கு. ஸ்தனிஸ்லாசுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் கஸ்பாரே முக்காலியில் காமிராவை வைத்து, டைமரைப் போட்டுவிட்டு, ஓடிப்போய் நின்றுகொண்டான். பெட்டியில் ஏஞ்சலின். இந்தப் பக்கம் கஸ்பாரும் ரூபியும். அந்தப் பக்கம் வியாகுலம்மாளும் பிரிட்டோவும். நாலே பேர்.

அடக்கம் முடிந்து மறுநாள் மதியம் அந்தப் படத்தை மஸ்கட்டுக்கு அனுப்ப உட்கார்ந்தான். முகத்தை வெளுக்கக்கூட இல்லை, எடுத்த படம் எடுத்தபடி இருந்தது. கை சும்மா இருக்குமா? பழக்க தோஷம். அந்தச் சாஃப்ட்வேரில் போட்டான்.

சிவப்பு.

பாஸ்வேர்ட் கேட்டுக் கட்டம் வந்தது. ஸ்டுடியோ முழுக்க ஹைப்போ வாடை. அவனுக்கு வாடையெல்லாம் பெரிதாகப் படவில்லை. கடைசியில் சிக்கிவிட்டாள் என்றுதான் தோன்றியது. அவள் சொன்ன வார்த்தைகளை வரிசையாக அடித்தான். ஆயக்குடி, கொய்யா, அந்தோணியார்... இல்லை. வியாகுலம்மாள் என்று அடித்தான்.

திறந்தது.

உள்ளே சேதி இல்லை. இன்னொரு படம். அதே வாசல், அதே பெட்டி, அதே மாதிரி நிற்கிற ஆட்கள். ஆனால் பெட்டிக்குள் ஏஞ்சலின் இல்லை. வியாகுலம்மாள் படுத்திருந்தாள். வாயை நன்றாகத் திறந்துகொண்டு. அவள் நின்ற இடம் வெற்றிடமாகக் கிடந்தது.

கஸ்பார் திரும்பிப் பார்த்தான். அம்மா அடுப்படியில் வெஞ்சனத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இது பிரிட்டோ வேலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு படத்தை மூடினான்.

அந்த வாரமே வியாகுலம்மாள் படுத்தாள். தொண்டை காயுதுப்பா என்பாள். தண்ணீர் கொடுத்தால் உள்ளே இறங்காது. வாயோரம் வழிந்து தலையணைதான் நனையும். சொம்பு பக்கத்தில் இருக்க, தண்ணி தண்ணி என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். பேச்சு போனபிறகு விரல் முட்டியால் கட்டில் பலகையைத் தட்டினாள். மூன்று மூன்றாக. வாயைத் திறந்தபடியே போய்ச் சேர்ந்தாள். வழக்கப்படி பெட்டியைச் சாய்த்துப் படம் எடுத்தார்கள். கஸ்பார் அதைத் திரையில் போட்டுப் பார்த்தான். அவன் ஏற்கெனவே பார்த்த படம் அது. மாலையில் ஒரு சாமந்தி கழன்று தொங்கியதுகூட மாறவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பீர்கள். கஸ்பாரும் அப்படித்தான் நினைத்தான், இரண்டு நாள். மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்துவிட்டான். தேடுகிற புத்தி அப்படி. இத்தனை பூட்டுப் போட்டு ஒளித்திருக்கிறாள் என்றால் கடைசிப் பூட்டுக்குள் அண்ணன் பேரில் மஸ்கட்டில் எவனுக்கோ அவள் எழுதியது இருக்கும். அதைப் பார்க்காமல் அவனுக்குச் சாவும் வராது போலிருந்தது. அம்மா படத்தைச் சாஃப்ட்வேரில் போட்டான். சிவப்பு. என்ன அடிக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் அடித்தான். பிரிட்டோ.

பெட்டியில் தம்பி. சுற்றிலும் கஸ்பாரும் ரூபியும் மட்டும்.

கொடைரோட்டுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். கம்ப்யூட்டர் பக்கத்திலேயே போன் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இவனுக்கும் அவளுக்கும் ஒன்றும் இல்லை என்றால் இவனுக்கு ஒன்றும் ஆகாது, அப்படி ஆகிவிட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டான். மனுசனா அவன்?

பிரிட்டோ தன் ரூமில் மதியம் தூங்கியிருக்கிறான். கதவு எப்படியோ இறுகிக்கொண்டுவிட்டது. பக்கத்து ரூம்காரர்களுக்குத் தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. ஆசாரி வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்களாம். கதவை உடைத்தபோது அறை முழுக்க ஏதோ மருந்து வாடை என்று சொன்னார்கள். என்ன மருந்து என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

தம்பியை அடக்கம் செய்துவிட்டு வந்து கஸ்பார் மறுபடியும் உட்கார்ந்தான். ரூபி அடுத்த அறையில் பொம்மையோடு பேசிக்கொண்டிருந்தது. பெட்டியைச் சாய்த்து எடுத்த தம்பி படம். சிவப்பு. கட்டம். அவள் சொன்ன வார்த்தை எல்லாம் தீர்ந்துவிட்டது. எதற்கும் திறக்கவில்லை. படத்தில் நிற்பது இரண்டே பேர். அவனும் பிள்ளையும்.

இப்போது சொல்வதைக் கேட்டு என்மேல் கோபப்படாதீர்கள்.

அவன் ரூபி என்று அடித்தான். இங்கிலீஷில் நாலு எழுத்து. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தே அடித்தான். ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று தனக்குச் சமாதானம் வேறு. என்டரைத் தட்டினான்.

தவறு என்று வந்தது.

மறுபடி அடித்தான். தவறு. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எத்தனை அடி வாங்கியும், எத்தனை நாள் பட்டினி கிடந்தும், வாயில் வந்த பெயரையெல்லாம் சொன்னவள் மகள் பெயரைச் சொன்னதே இல்லை. இன்னொரு பெயரையும் சொன்னதில்லை. அதை அவள் என்றைக்குமே சொன்னதில்லை.

கஸ்பார் ஒயரைப் பிடுங்கினான். கம்ப்யூட்டர் மேல் கோணியைப் போட்டு மூடினான். ஸ்டுடியோவைச் சாத்தினான். அதற்குப்பின் அவன் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. அவன் பெயரை அவள் சொல்லவே மாட்டாள். செத்தும் சொல்ல மாட்டாள். அதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. ரேஷன் கடையில் பெருமைப்பட்டானே, அந்தப் பழக்கத்தைத்தான் இப்போது உயிருக்குக் காவலாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆடி மாதம் ஸ்தனிஸ்லாசுக்கு லீவு கிடைத்தது. மருமகளை ஆயக்குடிக்குக் கூட்டிப்போக வருகிறேன் என்று தகவல் சொன்னான். வரட்டும் என்றான் கஸ்பார். அவன் வருவதாகச் சொன்ன நாள் மதியம் பிள்ளைக்குச் சோறு போட்டு, தானும் சாப்பிட்டு, ஸ்டுடியோ பெஞ்சில் கொஞ்சம் கண்ணயர்ந்தான்.

விழித்தபோது ஒரே இருட்டு.

கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே அவனுக்குத் தெரியவில்லை. மூக்கில் ஹைப்போ. தலைக்குமேல் தகரம் பட்... பட்... என்று விரிகிற சத்தம். கையை நீட்டினான். பலகைக் கதவு. தள்ளினான். வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தட்டினான். நாலு தட்டு, பத்துத் தட்டு, கணக்கில்லாமல். "ரூபி! ஏத்தா ரூபி!"

வெளியே பேச்சுக் குரல் கேட்டது. ரூபிதான். யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது. கேட்கும், கொஞ்சம் நிறுத்தும், பதில் வந்த மாதிரி மறுபடி பேசும். மற்றவர் குரல் கேட்கவில்லை. அதற்கப்புறம் கீபோர்டு.

டிக்.

ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிற சத்தம். அவன் ஒயரைப் பிடுங்கிய கம்ப்யூட்டரில்.

டிக்... டிக்.

நாலோடு நிற்கட்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான். ஆமாம், அப்போதும் அதைத்தான் வேண்டிக்கொண்டான். நாலோடு நின்றால் அது ரூபியின் பெயர்.

டிக்... டிக்... டிக்.

ஆறு. அவன் பெயருக்குத்தான் ஆறு எழுத்து. அதற்குப்பின் கனமாக ஒரு தட்டு. என்டர்.

"அழிச்சிரு தாயி! அழிச்சிரு!" என்று அலறினான். தொண்டை காய்ந்து குரல் பாதியில் நின்றுவிட்டது. வெளியே சின்னக் காலடிச் சத்தம் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அப்பா" என்றது ரூபி. "வார்த்தை என்னன்னு அம்மா கேக்குறாங்க. சொன்னாத்தான் தொறப்பாங்களாம்."

கஸ்பார் யோசித்தான். அவன் வாழ்க்கையில் எதையும் அப்படி யோசித்ததில்லை. ஆயக்குடி என்றான். கொய்யா என்றான். அந்தோணியார் என்றான், மாதா என்றான், வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். ஒவ்வொன்றையும் வெளியே பிள்ளை திருப்பிச் சொல்லிக் கேட்டது. அப்புறம் பிள்ளை, "இல்லியாம்ப்பா" என்றது. கடைசியில் கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "சத்தியமாத் தெரியாதுத்தா" என்று அழுதான்.

வெளியே சின்னக் காலடிச் சத்தம் கதவை விட்டு விலகிப் போயிற்று.

ஸ்தனிஸ்லாஸ் ஒரு கூடை கொய்யாப்பழத்தோடு வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஸ்டுடியோக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் ரூபி முக்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒயர் தரையில் கிடந்தது. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் கஸ்பார், பக்கத்தில் ரூபி மட்டும் தனியாக.

வாடை வந்த பக்கம் போனான். இருட்டறைத் தாழ்ப்பாள் உச்சியில் போட்டிருந்தது. அவனே எக்கித்தான் திறந்தான். கதவில் சாய்ந்திருந்த கஸ்பார் அவன் கால்மேல் சரிந்தான். உதடு வெடித்து, உடம்பு சுட்டுக்கொண்டிருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டான். இது என்ன கண்ணு, யாரு இதையெல்லாம் அடிச்சது என்று திரையைக் காட்டிக் கேட்டான்.

"நாந்தான் மாமா" என்றது ரூபி. "அம்மா அப்பா பேரச் சொல்ல மாட்டாங்கல்ல? அதான் என்னைய இடிச்சு, நீ சொல்லு கண்ணுன்னாங்க."